பெண் ரொம்ப போல்டு!

போடிநாயக்கனூரில் யாராவது "ஏலம்" என்று சொன்னால், எந்த ஏலம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. மலையிலே விளைந்து மூட்டையிலே இறங்கி வருவதும் ஏலம். இறங்கி வந்ததை விலை கூறி விற்பதும் ஏலம். முன்னது நம் ஊர்ச் சரக்கு. பின்னது போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வார்த்தை. அவர்கள் பாஷையில் 'லைலாவ்' என்று ஏதோ சொன்னார்கள். நம்மவர்கள் அதை மென்று 'ஏலம்' ஆக்கிவிட்டார்கள். எங்கெங்கேயோ பிறந்த இரண்டு ஏலமும் போடியில் வந்து சந்தித்து, 'ஏலக்காய் ஏலம்' என்று ஒரே குடித்தனமாக இருக்கின்றன.

தமிழிலேயே இப்படி என்றால், இங்கிலீஷ் வார்த்தை ஒன்று போடிக்குப் போனால் என்ன பாடுபடும்! அதுதான் இந்த வாரக் கதை. வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து உதறிப் பார்ப்பது இந்தப் பகுதியின் வழக்கம் அல்லவா? இதுவரை எல்லா வார்த்தைகளையும் நான்தான் தேடிப் போனேன். இந்த வார்த்தை மட்டும் தானே வீடு தேடி வந்து, என் சித்தியைக் கண்ணீர் விட வைத்தது.

*

போடியில் இருக்கும் சித்தியின் மகளை, அதாவது என் தங்கையை, பெண் பார்க்க வருகிறார்கள் என்று சென்ற மாதம் தகவல் வந்தது. நானும் என் மனைவியும் புறப்பட்டோம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்த ஊர் அது. 2023 ஜூன் மாதத்தில்தான் அகலப் பாதையில் மறுபடியும் ரயில் வந்து சேர்ந்தது. காலையில் ஸ்டேஷனில் இறங்கினால், மேற்கே மலை சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. அந்த மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். விடியுமுன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போய்விடுகின்றன. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய் காய்ப்பது என்னவோ அடியிலே, மண்ணை ஒட்டி. ஆகவே நாள் முழுதும் குனிந்தபடியே காய் எடுக்க வேண்டும்.

என் சித்தப்பா ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் முப்பது வருஷமாகத் தரம் பார்க்கிறவர். தங்கை பி.காம். படித்துவிட்டு வேறொரு கிட்டங்கியில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்குக் கீழே ஒரு தம்பி. இந்த வருஷம்தான் மதுரையில் காலேஜில் சேர்ந்திருக்கிறான். சித்தப்பாவின் மாமியார், அதாவது அம்மாச்சி, அந்த வீட்டுக்கு எல்லாம்.

மாப்பிள்ளை வீட்டார் தேனி. பையனுக்கு நல்ல உத்தியோகம். பையனின் தாயார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுக்கொண்டு அவர் பார்த்த பார்வையில், எனக்கே ஹோம் ஒர்க் செய்யாத பயம் வந்துவிட்டது.

கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று, காப்பியும் ஆயிற்று. பையன் தங்கையிடம் நாலு கேள்வி கேட்டான். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வேலை முடியும், சமையல் தெரியுமா, கார் ஓட்டத் தெரியுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அந்த அம்மாள், "நீயும் ஏதாவது கேக்கணும்னா கேளும்மா" என்றார்.

இது சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி. 'ஒண்ணுமில்லை' என்று தலையைக் குனிந்துகொள்வதுதான் இதற்குப் பதில் என்று ஊருக்கே தெரியும். என் தங்கைக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது.

"ரெண்டே ரெண்டு விஷயம், அத்தை" என்றாள். "தேனியிலேருந்து போடி பதினஞ்சு கிலோமீட்டர்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இந்த வேலைக்கே வந்துட்டுப் போகணும். இன்னொண்ணு, தம்பி படிச்சு முடிக்க மூணு வருஷம் ஆகும். அது வரைக்கும் என் சம்பளத்துல பாதியை அப்பா கையில கொடுக்கணும். இதுக்குச் சம்மதம்னா மத்தது எல்லாம் எனக்குச் சம்மதம்."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பையன் தன் தாயாரைப் பார்த்தான். தாயார் என் தங்கையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "பொண்ணு ரொம்ப போல்டு!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

சொல்லும்போது சிரித்தாரா என்றால், சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த ரகம் என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

*

கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, சித்தி முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "போச்சு! திமிர் பிடிச்ச பொண்ணுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போயிட்டாங்க!"

சித்தப்பா முகத்திலோ ஆயிரம் வாட்ஸ் விளக்கு எரிந்தது. "அட, நீ ஒண்ணு! போல்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதைத்தானே பொறுக்கிக்கிட்டு இருக்கேன். ஏ.ஜி.இ.பி.! முதல் தரம்! இதைவிட மேலே தரமே கிடையாது!"

தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "கிளீன் போல்டுன்னா அவுட்டுன்னு அர்த்தம். அக்கா அவுட்!" என்றான். அப்படிச் சொல்லிவிட்டு, சற்று யோசித்து, "இல்லாட்டி கன்ட்ரோல் பி. கம்ப்யூட்டர்ல அதை அமுக்கினா எழுத்து தடிச்சுடும்" என்றான்.

"என் பேத்தி எங்கேடா தடிச்சிருக்கா? நூல் மாதிரில்ல இருக்கா!" என்று அம்மாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பத்திரிகையிலே வார்த்தைக்கு அர்த்தம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்? "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நல்லதா, கெட்டதா?" என்றாள் தங்கை. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்கின கை சற்று நடுங்கியது.

அன்று இரவு மொட்டை மாடியில் பாய் விரித்து, அந்த ஒரு வார்த்தையைப் பிரித்துப் போட்டேன். அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

*

முதலில் என் மானத்தை வாங்கிய கதை ஒன்று. காலேஜில் இங்கிலீஷ் பரீட்சையில், ஜான்ஸி ராணி ஒரு 'போல்டு' பெண்மணி என்று எழுத நினைத்தேன். நடுவிலே 'ஓ' போட வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவிட்டேன். அது 'வழுக்கைத் தலை' ஆகிவிட்டது. விடைத்தாள் திரும்பி வந்தபோது பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "இதற்குச் சரித்திர ஆதாரம் உண்டா?" அன்று முதல் இந்த வார்த்தையிடம் எனக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு.

வார்த்தை மிகப் பழையது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷிலேயே 'பெயால்டு' என்று இருந்தது. அர்த்தம், அஞ்சாதவன். ஜெர்மன் பாஷையிலும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. ஆகவே ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது இதையும் சேர்த்து வைத்தார்கள். பால்ட்வின், ஆர்ச்சிபால்டு, லியோபோல்டு எல்லாவற்றிலும் ஒளிந்துகொண்டிருப்பது இதே 'போல்டு'தான்.

"எல்லாம் ஆம்பிளைப் பேராத்தானே இருக்கு?" என்றாள் என் மனைவி.

பெண் பெயரும் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துப் பிராங்கு மன்னன் ஒருவனுக்கு மனைவியாக இருந்தவள் பால்தில்டு. இங்கிலாந்திலிருந்து அடிமையாக விற்கப்பட்டு வந்தவள் என்று அவள் சரித்திரம் சொல்லுகிறது. ராணியான பிறகு, கிறிஸ்தவர்களை அடிமையாக விற்கக்கூடாது என்று தடுத்தாளாம். அவள் பெயருக்கு அர்த்தம், 'போரில் அஞ்சாதவள்'. பெயருக்கு ஏற்ற பெண்!

இந்த வார்த்தை அங்கிருந்து பல இடத்துக்கு வேலைக்குப் போயிற்று. அச்சுக்கூடத்துக்கு வந்தது, அங்கே தடித்த எழுத்து ஆயிற்று. நம்மவர்கள் 'கொட்டை எழுத்து' என்பார்களே, அதற்குப் பங்காளி. புரூப் திருத்தும்போது ஒரு வார்த்தையைப் போல்டாகப் போட வேண்டும் என்றால், அதன் கீழே பாம்பு நெளிவது போல ஒரு கோடு இழுப்போம். அந்தக் காலத்து மனுக்களில், 'தங்களுக்கு எழுதத் துணிகிறேன்' என்பதற்கு 'மேக் போல்டு' என்று எழுதினார்கள். எழுதியவர் நடுங்கிக்கொண்டேதான் எழுதியிருப்பார்!

அயர்லாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 'போல்டு' பிள்ளை என்றால், சொன்ன பேச்சைக் கேட்காத குறும்புக்காரப் பிள்ளை. 1842-லேயே சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்த பிரசன்டேஷன் கன்னியாஸ்திரீகள் அயர்லாந்துக்காரர்கள்தாம். அவர்கள் ஊர்ப் பேச்சில் 'போல்டு' என்று யாராவது சொன்னால் மிட்டாயை எதிர்பார்க்கக்கூடாது. கையை நீட்ட வேண்டியதுதான்.

"அந்தம்மா டீச்சராச்சே!" என்று சித்தி மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள்.

அவசரப்படாதே என்று, இந்த வார்த்தையின் உறவுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்தேன். 'பிரேவ்' என்பவன் மூத்தவன். ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பான். ஆனால் தானாக வம்புக்குப் போகமாட்டான். 'கரேஜ்' அவனுக்கு அடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருதயத்துக்குச் சொல்லும் வார்த்தையிலிருந்து பிறந்தது. நம்முடைய 'நெஞ்சுரம்' என்பதும் அப்படித்தானே! 'டேரிங்' என்பது துணிச்சல். கொஞ்சம் விளையாட்டுப் புத்தியும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஊர் மெச்சுகிற உறவு.

மறுபக்கத்து உறவு வேறு மாதிரி. 'ஃபார்வர்டு' என்றால் முன்னே வருகிறவர், அதாவது நம்முடைய முந்திரிக்கொட்டை. 'இம்பூடன்ட்' என்றால் லத்தீனில் 'வெட்கம் இல்லாதது' என்று அர்த்தம். 'பிரேஸன்' என்றால் பித்தளை! பித்தளை முகத்தில் எப்படி வெட்கம் சிவக்கும்? 'போல்டு' என்ற வார்த்தை இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே வாசற்படியில் நிற்கிறது. எந்தப் பக்கம் கால் வைக்கும் என்று சொல்ல முடியாது.

"சொல்ல முடியும்" என்றாள் என் மனைவி. "ஆம்பிளையைச் சொன்னா அந்தப் பக்கம். பொம்பளையைச் சொன்னா இந்தப் பக்கம்."

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "தமிழிலே மட்டும் என்ன வாழுதாம்? எதிர்த்துக் கேட்டவன் தைரியசாலி. எதிர்த்துக் கேட்டவள் வாயாடி. அவன் துணிச்சல்காரன், அவள் துடுக்கு. 'அடங்காப்பிடாரி'ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு ஆண்பால் என்னன்னு உங்க அகராதியிலே பார்த்துச் சொல்லுங்களேன்!"

பார்த்தேன், வாசக நேயர்களே. பிடாரி ஊரைக் காக்கிற பெண் தெய்வம். அடங்காத பெண்ணைத் திட்டுவதற்கு அந்தத் தெய்வத்தையே இழுத்திருக்கிறார்கள். அடங்காத ஆண்பிள்ளைக்கு அப்படி ஒரு வார்த்தை எனக்கு அகப்படவில்லை. பாரதியாரின் புதுமைப் பெண்ணைப் பள்ளிக்கூட விழாவில் பாடச் சொல்லிக் கை தட்டுகிறோம். அந்தப் புதுமைப் பெண் நம் கூடத்தில் உட்கார்ந்து, "ரெண்டே ரெண்டு விஷயம், அத்தை" என்றால் மட்டும் முந்தானையைத் தேடுகிறோம்.

"மாப்பிள்ளை நாலு கேள்வி கேட்டாரே, அவரை யாராவது போல்டுன்னு சொன்னாங்களா, அத்தை?" என்று சித்தியிடம் கேட்டாள் என் மனைவி. சித்தி பதில் சொல்லவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சுவது நின்றது.

*

மறுநாள் காலை சித்தப்பா, "அகராதியெல்லாம் இருக்கட்டும். போல்டுன்னா என்னன்னு நான் காட்டறேன், வா" என்று தம் கிட்டங்கிக்கு அழைத்துப் போனார்.

உள்ளே நுழைந்ததும் ஊரிலுள்ள பாயச அண்டாக்களை எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தாற்போல ஒரு மணம்! வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, சொளகில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்ததும் நிறம் மங்கினதும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடுகின்றன. கண்ணோ, வாயோ அந்த வேகத்துக்குத் தடையாக இல்லை. ஊர்க்கதையும் நடக்கிறது, காயும் பிரிகிறது.

மலையில் பறித்த பச்சைக் காயை அப்படியே விற்க முடியாது. 'ஸ்டோர்' என்கிற உலர்கூடத்தில் இரவும் பகலுமாக மிதமான சூட்டில் காயவைக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். சூடு அதிகமானால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். நிறம் கெடாமல் வந்த காயைக் காம்பு போகத் தேய்த்து, சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள்.

"இப்பப் பாரு" என்றார் சித்தப்பா. ஏழு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழாமல் மேலே நிற்கிற காய்தான் 'அலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு'. அதைத்தான் சுருக்கி ஏ.ஜி.இ.பி. என்கிறார்கள். ஆறு மில்லிமீட்டரில் நிற்பது வெறும் 'போல்டு'. ஐந்தில் நிற்பது 'சுப்பீரியர்'. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 'சுப்பீரியர்' என்றால் இங்கிலீஷில் உயர்ந்தது. ஏலக்காய்க் கணக்கிலோ அது மூன்றாம் படிதான்! மலை ஏறின வார்த்தைகள் எல்லாம் இப்படித்தான் குணம் மாறிவிடுகின்றன.

இடுக்கி ஏலக்காய்க்கு அலெப்பி பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். திருவாங்கூர் ராஜ்யத்தில் ஏலக்காய் அரசாங்கத்துச் சரக்கு. மலையில் விளைந்ததெல்லாம் அலெப்பித் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறியது. ராஜ்யம் போயிற்று, பெயர் மட்டும் தரச் சீட்டிலே தங்கிவிட்டது. ஏலக்காய் மட்டுமல்ல, மிளகில் 'டெல்லிச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு' உண்டு, காப்பிக் கொட்டையில் 'மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்டு' உண்டு. சரக்கு வியாபாரத்தில் 'போல்டு' என்றால் பருமன், அவ்வளவுதான். வீரமும் இல்லை, திமிரும் இல்லை.

பருமனுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அரபு நாடுகளில் விருந்தாளிக்கு ஏலக்காய் போட்ட காப்பி கொடுப்பது வழக்கம். அங்கே பச்சைப் பசேலென்று பெரிய காய்க்குத்தான் கிராக்கி. அதனால் தோட்டக்காரர்களும் பெரிய காய் காய்க்கிற செடியாகத் தேடினார்கள். இடுக்கி விவசாயி ஒருவர் தம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பரப்பிய 'ஞள்ளானி' ரகம் இன்று மலை முழுதும் நிற்கிறது.

"அப்போ பெரிசா இருந்தாப் போதும், போல்டு ஆயிடலாம்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் சொளகு வைத்திருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, "அது எப்படி ஆகும், தம்பி?" என்றார். இரண்டு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் ஒரே பருமன், ஒரே பச்சை. "எது உசத்தி, சொல்லுங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே கறுகறுவென்று அரிசி நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மற்றதைக் கீறினார். தொலியும் காற்றும்தான்.

"பொக்கும் பெரிசாத்தான் இருக்கும், தம்பி. கையில எடுத்தா கனம் தெரியணும்" என்றார் பாட்டி, மறுபடி குனிந்துகொண்டே.

சித்தப்பா அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். லிட்டர் படி ஒன்றில் காயைக் கொட்டி நிறுக்கிறார்கள். எக்ஸ்ட்ரா போல்டு என்றால் ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். போல்டு என்றால் 415. சல்லடையில் தேறின காய் தராசில் தேறாமல் போகலாம். இரண்டிலும் தேறினால்தான் அந்தப் பெயர். அதன்பிறகுதான் ஏல மண்டபத்துக்குப் போகும் யோக்கியதை. முன்பெல்லாம் வியாபாரிகள் வாய்விட்டு விலை கேட்டு, பிரித்த மாதிரிப் பொட்டலத்தைத் தரையில் கொட்டுவார்கள். மண்டபம் முழுதும் ஏலக்காய்க் கம்பளம்தான். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். ஆனாலும் காயைக் கிள்ளிப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா பேசாமல் நடந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவ சம்பளத்தை நான் கேக்கலப்பா. தம்பி பீஸுக்கு நகையை வைக்கலாம்னு நானும் உன் சித்தியும் ராத்திரி பேசிக்கிட்டிருந்தோம். அவ காதுல விழுந்திருக்கு போல."

பருமன் எது, கனம் எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

*

இரண்டு நாள் தேனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் மணி அடித்தால் சித்தி ஓடுவாள். எடுத்தால் காஸ் சிலிண்டர்க்காரன். மூன்றாம் நாள் மாலை அந்த அம்மாளே கூப்பிட்டார். தம்பி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான்.

"தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்றது குரல். "உங்க பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லணுமில்ல? அதைத்தான் வீட்டுல கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். வேலைக்கு வர்றதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா எங்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கு. பாதிக்குப் பதிலா மூணுல ஒரு பங்கு போதுமான்னு அவகிட்டயே கேளுங்க."

சித்தி 'போதும், போதும்' என்று வாயைத் திறப்பதற்குள் என் தங்கை போனுக்கு அருகில் வந்துவிட்டாள். "பாதி வேணும், அத்தை. பீஸ், ஹாஸ்டல் எல்லாம் கூட்டிப் பாத்துட்டுத்தான் கேட்டேன். மூணு வருஷம் முடிஞ்சா நானே நிறுத்திடறேன்."

போடி மண்ணில் பிறந்த பெண் அல்லவா! விலை கேட்கத் தெரியும், நிற்கவும் தெரியும். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்புக் கேட்டது. "சரிம்மா. பாதியே."

சித்தியால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணு கேக்கலாமாங்க? அன்னிக்கு வாசல்ல பொண்ணு ரொம்ப போல்டுன்னு சொல்லிட்டுப் போனீங்களே..."

"அதுவா?" என்றார் அந்த அம்மாள். குரல் சற்றுத் தணிந்தது. "நான் வேலைக்குப் போக ஆரம்பிச்ச வருஷம், எங்கம்மாவுக்கு மாசம் நூறு ரூபா அனுப்பணும்னு ஆசை. சம்பளம் என்னுது. ஆனாலும் மாமியார்கிட்டக் கேக்க வாய் வரல. அடுத்த மாசம் கேக்கலாம், அடுத்த மாசம் கேக்கலாம்னு வருஷம் ஓடிப் போச்சு. இப்ப எங்கம்மா இல்ல." சிறிது நிறுத்தி, "உங்க பொண்ணு கேட்டா. அதைத்தான் சொன்னேன்" என்றார்.

கல்யாணம் தை மாதத்தில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணை யாராவது 'போல்டு' என்றால், உடனே பூரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். சொன்னவர் அடுத்தபடி என்ன செய்கிறார் என்று மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். வார்த்தைக்கு அர்த்தம் அப்போது தானே தெரிந்துவிடும். அதற்குள் யாராவது உங்களை அகராதியைப் புரட்டச் சொன்னால், என் சித்தப்பாவிடம் அனுப்பி வையுங்கள். போனை வைத்ததிலிருந்து அவர் தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"நான் அப்பவே சொன்னேனே, ஏ.ஜி.இ.பி.ன்னு! யாரு கேட்டா?"

அடுத்த வாரம் வேறு ஒரு வார்த்தை. யாரையும் அழவைக்காத வார்த்தையாகப் பார்த்து எடுத்து வருகிறேன்.